படித்த பின் ஏறவும்

குருவி விழுந்துவிட்டான் என்ற செய்தியை முதலில் யாரும் நம்பவில்லை. பெயிண்ட் அடிக்கிற கூட்டத்தில் வைத்த பெயர் அது. நாலு மாடி உயரத்தில், சாரக்கட்டையின் மேல் குந்தியபடி, காற்றுக்குக் கை மறைத்து பீடி பற்றவைக்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அப்பேர்ப்பட்டவன் ஒரு வீட்டுக் கூடத்தில், மடக்கு ஏணியின் பாதி உயரத்திலிருந்து விழுந்தான் என்றால் யார் நம்புவார்கள்?

விழுந்தான் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவன் நின்ற இடத்தில்தான் நின்றான். ஏணிதான் போய்விட்டது. இரண்டு காலையும் விரித்து நிற்க வேண்டிய அலுமினிய ஏணி, உச்சியில் இருந்த பூட்டு 'டப்' என்று விட்டதும், எனக்கென்ன வந்தது என்று படுத்துக்கொண்டது. குருவியின் வலது மணிக்கட்டு முறிந்தது. வெள்ளைப் பெயிண்ட் வாளி தலையில் கவிழ்ந்திருந்ததால், சத்தம் கேட்டு ஓடிவந்த வீட்டுக்காரர் அவனை அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு திருடன் திருடன் என்று கத்தினார்.

மாவுக்கட்டுப் பிரித்த அன்றே குருவி மேஸ்திரி முன்னால் போய் நின்று, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினான்.

"கை சரியாயிடுச்சுண்ணே. நாளையிலேருந்து மேல ஏறுறேன்."

மேஸ்திரி வெற்றிலை போடுகிற மாதிரி வாயை மென்றார். வாயில் ஒன்றும் இல்லை. சங்கடமான பேச்சு என்றால் அப்படித்தான் மெல்லுவார்.

"உன்ன மேல ஏத்த முடியாதுடா."

"ஏண்ணே?"

"கூட நிக்க எவனும் வரமாட்டேங்கிறான். ஏணியில நிக்கத் தெரியாதவன் சாரத்துல எப்படி நிப்பான், டப்பாவ எங்க தலையில போட்டுடுவான்னு பேசிக்கிறானுங்க."

"நான் விழலண்ணே. ஏணி விழுந்துச்சு. நீங்க புதுசா வாங்கிட்டு வந்தீங்களே, அந்தப் பீத்த ஏணி."

"அத ஏணி வந்து சொல்லுமாடா? நீ சொன்னா கதை. நான் சொன்னா, வாங்கினவன் நான், என் தலையில விடியும். பெரிய இடத்துல யாராச்சும் சொல்லட்டும், குருவி மேல தப்பில்ல, ஏணி மேலதான் தப்புன்னு. மறுநாளே உன்ன உச்சில ஏத்துறேன். அதுவரைக்கும் கம்பி கேட்டுக்கெல்லாம் கீழ்ப்பாதி அடி."

ஆக, குருவி தரைக்கு வந்தான். கேட்டின் கீழ்ப்பாதி, சுற்றுச்சுவரின் முழங்கால் உயரம், படிக்கட்டின் பக்கவாட்டு. ஆயுசில் பாதியை மாடி உயரத்தில் கழித்தவனுக்குத் தெருநாய்கள் முகத்துக்கு நேராக வந்து நின்று பார்ப்பது பிடிக்கவில்லை. வேறு ஏதாவது வேலைக்குப் போ என்றால் போயிருப்பான். கீழே உட்கார்ந்துகொண்டு, மேலே அடுத்தவன் அடிப்பதை அண்ணாந்து பார்க்கத்தான் அவனால் முடியவில்லை. இராத்திரி சாப்பிடும்போதுகூட விட்டத்தையே பார்த்தான்.

அவன் மனைவி ஒரு தையல் கடையில் காஜா எடுப்பவள். "இப்படியே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தா கழுத்துக்கும் மாவுக்கட்டுதான்" என்று சொல்லி, மேஸ்திரி வீட்டுக் கொட்டகைக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். ஏணியைத் தரையில் கிடத்தி, சந்து பொந்தெல்லாம் பார்த்தாள். உச்சிப் படியின் மேல்பக்கத்தில், ஏறி நின்றால் மட்டும் கண்ணில் படுகிற இடத்தில், பொடி எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"முதல் படியில் கால் வைக்கும் முன் இதை முழுவதும் படிக்கவும்."

குருவி ஏணியின் அடியைப் பார்த்தான். உச்சியைப் பார்த்தான். "கீழயிருந்து இத எப்படிப் படிக்கிறது?"

"ஒட்டகச்சிவிங்கி வாங்குற ஏணி போல. இரு, இன்னும் இருக்கு. வழவழப்பான தரையில் வைக்கக் கூடாது. சொரசொரப்பான தரையிலும் வைக்கக் கூடாது. கையில் பொருளோடு ஏறக் கூடாது. வெறுங்கையோடு தேவையில்லாமல் ஏறக் கூடாது. பூட்டு விடக்கூடும். ஏணியைப் படுக்க வைக்கக் கூடாது." படித்து முடித்து நிமிர்ந்தாள். "பூட்டு விடும்னு ஏணி செஞ்சவனுக்கே தெரிஞ்சிருக்குய்யா! வா, கேஸ் போடுவோம்."

பொருள் வாங்கி அடிபட்டவர்களுக்கென்றே நுகர்வோர் எச்சரிக்கை வாரியம் என்று ஒன்று இருந்தது. பெரிய கட்டடம். வாசலில் 'கவனம், உள்ளே கட்டடம் உள்ளது' என்று எழுதியிருந்தது. படிகள் ஒவ்வொன்றிலும் 'இது படி' என்று மஞ்சள் ஸ்டிக்கர். எல்லாப் படியும் முடிந்து தரை வந்த இடத்தில் 'இது படி அல்ல' என்று ஒட்டியிருந்தார்கள். குருவி அதைப் படித்துக்கொண்டே நடந்ததில் அங்கே தடுக்கி விழப் பார்த்தான். பிடித்துக்கொள்ளலாம் என்று கைப்பிடிக் கம்பியைத் தொட்டால், கம்பி முழுக்க ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கராக ஒட்டி, தலையணை மாதிரி உப்பிப் போய், ஒரு கைக்குள் அடங்கவில்லை. குடிதண்ணீர்க் குழாயின் மேல் 'தண்ணீரில் ஈரம் இருக்கலாம்' என்றிருந்தது. நாற்காலிகளில், உட்காரும் முன் நாற்காலி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளும்படி கேட்டிருந்தார்கள். குருவி கையால் தட்டிப் பார்த்தான். இருந்தது. உட்கார்ந்தான்.

எச்சரிக்கை அலுவலர் ஓர் அம்மாள். இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிற இடத்தில் ஸ்டிக்கர் சுருள் தொங்கியது. பேசிக்கொண்டே, கைக்கு எட்டியதில் எல்லாம் ஒன்றைக் கிழித்து ஒட்டுவார்.

"புகார் வாங்குறதுக்கு முன்னாடி உங்கள எச்சரிக்கணும். புகார் கொடுத்தா அலைச்சல் வரலாம். கால் வீங்கலாம். மனசு உடையலாம். கடைசியில ஒண்ணும் கிடைக்காமப் போகலாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"அப்ப பின்னால வந்து, யாரும் சொல்லலையேன்னு சொல்லக்கூடாது." அவன் சட்டைப்பையில் 'எச்சரிக்கப்பட்டவர்' என்று ஒன்றை ஒட்டினார். "இப்ப சொல்லுங்க. விழுந்தது எச்சரிக்கையப் படிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிங்க."

"படிக்காம ஏறியிருக்கீங்க. உங்க தப்பு."

மனைவி குறுக்கே விழுந்தாள். "சரி, பின்னாடின்னு வெச்சுக்கங்க."

"தெரிஞ்சே ஏறியிருக்கீங்க. அதுவும் உங்க தப்பு."

"எப்பதாம்மா விழுந்தா எங்க தப்பில்ல?"

அலுவலர் உண்மையாகவே யோசித்தார். நல்ல மனுஷி. அடிபட்டவர்களிடம் அவருக்கு இரக்கம் உண்டு.

"படிச்சுக்கிட்டு இருக்கும்போதே விழுந்தா கொஞ்சம் பரிசீலிக்கலாம். ஆனா அப்ப அவர் கவனம் ஏணியில இல்லாம எழுத்துல இருந்திருக்குன்னு கம்பெனி சொல்லும். அதுலயும் ஞாயம் இருக்கு."

"அப்ப எங்களுக்கு உரிமைன்னு ஒண்ணுமே கிடையாதா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க! எவ்வளவு இருக்கு! அதோ பாருங்க." அலுவலர் கையை நீட்டிய திசையில், கூரையை ஒட்டி, நுகர்வோர் உரிமைகள் என்று ஒரு பலகை தொங்கியது. தலைப்புக்குக் கீழே இருந்தவை எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்தன.

"ஏம்மா அவ்வளவு உயரத்துல மாட்டியிருக்கீங்க?"

"கீழ இருந்தா யாராச்சும் கை வெச்சுடுவாங்க. உரிமைய நாங்க ரொம்பப் பத்திரமா வெச்சிருக்கோம். படிக்கணும்னா சொல்லுங்க, ஏணி தரேன்."

குருவி தன்னையறியாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

விசாரணை நாள் வந்தது. ஏணியின் சொந்தக்காரர் என்ற முறையில் மேஸ்திரியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவரே ஏணியைத் தோளில் சுமந்து வந்து கூடத்தின் நடுவில் விரித்து நிறுத்தினார். நிறுத்திவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். குருவிக்கு அன்று வாரியம் யார், தலைவர் யார் என்பதெல்லாம் கண்ணில் படவில்லை. மேஸ்திரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தலை ஒரு தடவை ஆடினால் போதும், மேலே போய்விடலாம்.

தலைவர் வயிற்றுக்கு முன்னால் கைகளைக் கோத்துக்கொண்டு எழுந்தார்.

"இந்த வாரியம் தொடங்கினப்ப ஒரு பொருளுக்கு ஒரு எச்சரிக்கைதான் இருந்துச்சு. அதையும் ஜனங்க படிச்சுக்கிட்டு இருந்தாங்க. இன்னிக்கு, பொருளே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒட்டியிருக்கோம். கூடவே காயமும் பெருகியிருக்குன்னு சிலர் குறை சொல்றாங்க. நான் அப்படிப் பாக்கல. அடிபட்ட ஒவ்வொருத்தரும் முறையா எச்சரிக்கப்பட்டு அடிபட்டவங்க. எச்சரிக்கப்படாம அடிபட்டவர்னு இந்த ஊருல ஒருத்தர, ஒரே ஒருத்தர, காட்டுங்க பாக்கலாம்!"

யாராலும் காட்ட முடியவில்லை. கைதட்டினால் உள்ளங்கை சிவக்கலாம் என்று மேசைதோறும் ஒட்டியிருந்ததால், அலுவலர்கள் விரல் நுனியால் தட்டினார்கள்.

கம்பெனி வக்கீல் ஒல்லியான, மரியாதையான மனிதர். குருவியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"ஏறுங்கன்னு எங்க கம்பெனி எங்கயாவது சொல்லியிருக்கா? ஏணின்னு பேர் வெச்சோம். அதோட எங்க வேலை முடிஞ்சுது. ஏறுறது வாங்கினவர் எடுத்த சொந்த முடிவு."

"அப்ப ஏணி எதுக்குய்யா?" என்றாள் மனைவி.

"அது உங்க விருப்பம்மா. துணி காயப்போடலாம். மூலையில அழகா நிறுத்தி வெக்கலாம். அதையெல்லாம் கம்பெனி தடுக்காது." வக்கீல் குருவி பக்கம் திரும்பினார். குரலில் தேன் ஒழுகியது. "நீங்க ரொம்பத் திறமைசாலியாமே? ஏணிய விட்டு இறங்காமலே, ஏணியோட நடப்பீங்களாமே?"

பெயிண்டர்கள் எல்லோரும் செய்வதுதான். இறங்கி, ஏணியைத் தூக்கி நகர்த்தி, மறுபடி ஏறினால் பொழுது போய்விடும். அதனால் உச்சியில் காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, இடுப்பை வெட்டி வெட்டி ஏணியையே நடத்துவார்கள். குருவி அதில் மன்னன். எவ்வளவோ நாளைக்கு அப்புறம் ஒருவர் தன் வேலையைப் பற்றி மதிப்பாகக் கேட்டதும் அவனுக்கு நெஞ்சு விரிந்துவிட்டது.

"அது கூடப் பொறந்த மாதிரிங்க! இடுப்ப ஒரு வெட்டு வெட்டினா ஏணி கொக்கு மாதிரி நடக்கும். ஒரு செவரு முழுக்க இறங்காம அடிப்பேன். ஒரு தடவ பந்தயம் கட்டி, ஏணியிலயே டீக்கடை வரைக்கும் போய், மேல உக்காந்தே டீ வாங்கிக் குடிச்சிருக்கேன்!"

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். மனைவி அவன் இடுப்பில் கிள்ளினாள். வக்கீல் மறுபடி ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நடக்கலைங்க!" என்று குருவி கத்தினான். "புது ஏணி, பழகலன்னு சும்மா நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்! பூட்டு தானா விட்டுச்சு!"

"நின்னா விடுதா, நடந்தா விடுதான்னு இங்கயே பாத்துடுவோம்" என்றார் தலைவர். "யாராச்சும் ஒருத்தர் ஏறி நில்லுங்க."

இங்கேதான் சிக்கல் முளைத்தது. எச்சரிக்கையை முழுவதும் படித்தவர்தான் ஏறலாம் என்பது வாரியத்தின் சட்டம். எச்சரிக்கையோ உச்சியில் இருக்கிறது. படிக்க வேண்டுமென்றால் ஏற வேண்டும். ஏற வேண்டுமென்றால் படித்திருக்க வேண்டும். தலைவர் நெற்றியைத் தடவினார். பக்கத்தில் இன்னொரு ஏணி போட்டு, அதில் ஏறி இதைப் படிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கொண்டுவந்தார்கள். அதுவும் அதே கம்பெனி ஏணி. அதன் உச்சியிலும் ஸ்டிக்கர். அதைப் படிக்க மூன்றாவது ஏணி வந்தது. வாரியத்தில் இருந்த ஏணிகள் எல்லாம் வந்து, கூடம் சவுக்குத் தோப்பு மாதிரி ஆனது. மனிதர்கள் ஏணிக் கால்களுக்கு நடுவே குனிந்து குனிந்து ஒருவரையொருவர் தேடிக்கொண்டார்கள்.

"இத்தனை ஏணி இருக்கே, இதுல இதுக்கு முன்னாடி யாரும் ஏறினதே இல்லையா?" என்று தோப்புக்குள்ளிருந்து தலைவர் குரல் கேட்டது.

"இல்லைங்க" என்றார் எச்சரிக்கை அலுவலர். "கூரையில ஒட்ட வேண்டியத ஒட்டடைக் குச்சி நுனியில வெச்சு ஒட்டுறோம். ஏணியிலதான் எச்சரிக்கை இருக்குங்களே."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, ஏணியக் கீழ படுக்கப் போட்டுப் படிச்சுட்டு அப்புறம் நிமித்துங்களேன்! நாங்க அப்படித்தான் படிச்சோம்!"

வக்கீல் துள்ளி எழுந்தார். "குறிச்சுக்குங்க ஐயா! ஏணியப் படுக்க வெச்சிருக்காங்க! கடைசி எச்சரிக்கைய மீறினத அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க!"

தலைவர் ஓர் ஏணிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முகம் தெளிந்திருந்தது. "வக்கீல் சார், ஏணியப் படுக்க வெக்காம, முறையா எச்சரிக்கைய முழுசாப் படிச்சவர் இந்தக் கூடத்துல நீங்க ஒருத்தர்தானே?"

"படிச்சதா? எழுதினதே நான்தாங்க" என்றார் வக்கீல் பெருமையாக.

"பிரச்சனை தீர்ந்துது. ஏறுங்க."

வக்கீலின் சிரிப்பு அப்படியே நின்றது. ஏணியைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். வேட்டையில் மாட்டின முயல் மாதிரி ஓர் அடி எடுத்துவைத்து, முதல் படியில் செருப்புக் காலை வைத்தார். உச்சியில் பூட்டு 'கிரீச்' என்றது. மேல்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அவர் முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆட ஆரம்பித்தன. காலை எடுத்துவிட்டார்.

"மன்னிக்கணும். நான் ஏற மாட்டேன்."

"ஏன் சார்? எல்லாத்தையும் படிச்சவராச்சே."

"படிச்சவங்கிறதாலதாங்க சொல்றேன். எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

குருவியின் மனைவிதான் முதலில் சிரித்தாள். குருவிக்கும் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தான். இதற்கு மேல் ஒரு சாட்சி என்ன வேண்டும்? தலைவர் கண்ணில் தண்ணீர் கோத்திருந்ததைப் பார்த்ததும் அவன் நம்பிக்கை உறுதியானது.

"எனக்குப் பேச வரல" என்றார் தலைவர். "எவ்வளவு காலமா எச்சரிக்கை ஒட்டிக்கிட்டு இருக்கோம்! ஒரு எச்சரிக்கை ஒரு மனுஷன அடிபடாமக் காப்பாத்தினத இன்னிக்குத்தான் முதல்முதலா கண்ணால பாக்குறேன். இவர் படிச்சார். ஏறல. உயிரோட இருக்கார்! இதவிட என்ன நிரூபணம் வேணும்? ஏணி மேல தப்பில்ல. எச்சரிக்கை அருமையா வேலை செய்யுது. படிக்காம ஏறின பெயிண்டர் மேலதான் தப்பு."

அலுவலர்கள் வக்கீலைச் சூழ்ந்து கைகுலுக்கினார்கள். உயிர் பிழைத்தவரைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தார்கள். அவரும் அந்த முகத்தோடுதான் நின்றார்.

குருவி மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி வாயை மென்றுகொண்டிருந்தார்.

"இந்த நாள மறக்கக்கூடாது" என்று தலைவர் தொடர்ந்தார். "'படித்த பின் ஏறவும்'னு இந்தக் கூடத்துச் செவத்துல, மேல, பெரிய எழுத்துல எழுதணும். பெயிண்டரே இருக்காரே! என்ன தம்பி, தோத்துட்டோம்னு வருத்தப்படாதீங்க. உங்களுக்கே அந்த வேலையத் தரேன். ஏணியும் தயாரா நிக்குது."

எல்லோரும் குருவியைப் பார்த்தார்கள். அவன் சுவரின் உச்சியைப் பார்த்தான். எவ்வளவு நாளாயிற்று! அந்த உயரத்துக்குப் போனால் காதில் கேட்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கும். மேஸ்திரி கண் முன்னால் ஏறி, ஓர் எழுத்து, ஒரே ஓர் எழுத்து எழுதிக் காட்டிவிட்டால், தீர்ப்பாவது மண்ணாங்கட்டியாவது, நாளைக்கே சாரத்தில் நிற்கலாம். கால் தானாக முதல் படிக்குப் போயிற்று. உள்ளங்காலில் ஒரு நடுக்கம் தெரிந்தது. அது காலின் நடுக்கமில்லை. ஏணியின் நடுக்கம்.

காலைக் கீழே வைத்தான்.

"இதுல ஏற மாட்டேங்க."

"ஏன்? ஏணி மேல தப்பில்லன்னு இப்பதானே தீர்ப்பு சொன்னோம்?"

"உங்க தீர்ப்ப வேணா மடிச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க, அது மேல ஏறி நின்னு எழுதுறேன். இதுல ஏற மாட்டேன்."

சொல்லிவிட்டு அவன் தரையைப் பார்த்தான். மேலே போகிற கடைசி வழியையும் தானே அடைத்துவிட்டோம் என்று தோன்றியது. இனி ஆயுசு முழுக்க கேட்டின் கீழ்ப்பாதிதான்.

மேஸ்திரி மெல்லுவதை நிறுத்தினார்.

"ஐயா, அந்த ஏணிய நீங்களே வெச்சுக்குங்க. மூலையில அழகா நிறுத்துங்க. நாங்க நாளைக்கு மூங்கில் கொண்டுவந்து சாரம் கட்டிக்கிறோம்." பிறகு குருவியின் பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். "மேல நீதாண்டா."

"அண்ணே, தப்பு என் மேலன்னு தீர்ப்பு..."

"தீர்ப்ப நானும் கேட்டேன். அந்த வக்கீல் முழங்காலையும் பாத்தேன். நம்மாளுங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். காலையில சீக்கிரம் வந்து சேரு, எருமை."

மறுநாள் கூடத்தில் மூங்கில் ஏறியது. குருவி ஒவ்வொரு முடிச்சையும் தானே இழுத்துக் கட்டினான். இரண்டு தடவை தொங்கிப் பார்த்தான். பிறகு பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு ஏறினான். உச்சியில் உட்கார்ந்ததும் மூச்சை இழுத்துவிட்டான். அலமாரிகளின் தலையில் கிடந்த தூசி தெரிந்தது. தலைவரின் வழுக்கை தெரிந்தது. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில், அவனுக்குக் கீழே இருந்தன.

கீழே எச்சரிக்கை அலுவலருக்குக் கை பரபரத்தது. வெறும் மூங்கில்! ஒரு கணுவில்கூட ஓர் எச்சரிக்கை இல்லை! சுருளைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டே போனார். 'இது மூங்கில்.' 'உயரத்தில் ஆள் இருக்கலாம்.' 'முடிச்சைத் தொடும் முன் முடிச்சைப் பார்க்கவும்.' கயிறு மூங்கிலைக் கவ்வுகிற இடத்திலெல்லாம் வழவழவென்று ஸ்டிக்கர் ஏறியது.

கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்த மனைவி, அலுவலருக்குப் பின்னாலேயே நடந்து, நகத்தால் நெம்பி, ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே போனாள். அவர் திரும்பவில்லை. இவள் நிறுத்தவில்லை. இரண்டு பேரும் வேலையில் கண்ணாக, சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"என்னடி கீழ சத்தம்?" என்று மேலிருந்து குருவி கேட்டான்.

"ஒண்ணுமில்லய்யா. நீ எழுது. கீழ நான் இருக்கேன்."